செத்தவீடு விளையாடிய பிள்ளைகள்

பிள்ளைகள் விளையாடும்போது டீச்சர் எப்போது நடுவில் புக வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று டீச்சர் பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களில் ஒருத்தி போன கிழமை என்னிடம் கேட்டாள். பயிற்சியில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினாள். அம்புக்குறி எல்லாம் போட்டு அழகாகத்தான் இருந்தது. அதைக் கீறிய மனுஷன் ஒரு முழுக் காலைப்பொழுது சின்னப் பிள்ளைகளோடு இருந்திருப்பானா என்பதுதான் என் சந்தேகம். கோபிக்காதீர்கள், எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

பதில் எனக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி என் கழுத்தைப் பிடித்த ஒரு நாள் தெரியும். அன்றைக்குப் பிறகு சின்னப் பிள்ளைகள் என்றால் எனக்கு ஒரு பயபக்தி. கோயிலில் கூட எனக்கு அவ்வளவு வந்ததில்லை. அந்த நாளை உங்களுக்குச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் ஆட்சி முடிவதற்குச் சில வருடங்களுக்கு முன், யுத்தக் காலம். நான் வெள்ளவத்தையில் இருந்தேன், வேலை கொட்டாஞ்சேனையில். காலையில் ரயிலில் கோட்டைக்கு வந்து, டிராமில் ஏறி, மிச்சத் தூரத்தை நடந்தால் எங்கள் பாலர் வகுப்பு. நீண்ட விறாந்தை, முன்னால் ஒரு முற்றம், ஒரு மணற்பெட்டி, தெருவைப் பார்த்த இரும்புக் கேட். கேட்டுக்கு வெளியே இடது பக்கம் போனால் துறைமுகம், வலது பக்கம் போனால் சந்து மாதிரி ஒழுங்கைகளும் வீடுகளும். துறைமுகத் தொழிலாளர் பிள்ளைகள், கடைக்காரர் பிள்ளைகள், அரசாங்கக் கந்தோர் கிளாக்கர்மாரின் பிள்ளைகள் என்று எல்லாரும் வந்தார்கள். ஆளுக்கொரு விதமாகக் கதைப்பார்கள். சண்டை பிடிப்பது மட்டும் எல்லாருக்கும் விளங்கும்.

வகுப்பைப் பொறுப்பாக நடத்தியவரைப் பெரிய டீச்சர் என்றே கூப்பிடுவோம். ஒரு பிள்ளை விளங்கவில்லை என்று அவரிடம் போய் முறையிட்டால், "அது நிக்கிற இடத்தில, அதின்ட உயரத்துக்குக் குந்திப் பாத்தனீங்களா?" என்று கேட்பார். இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். என் முழங்கால் இரண்டும் இன்றைக்கு இந்தக் கோலத்தில் இருப்பதற்கு அவர்தான் காரணம்.

துறைமுகத்தில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்த பிறகு வகுப்பை மூடிவிட்டோம். கொழும்பில் பாதிச் சனம் ஊர் ஊராக ஓடிப்போனது. மறுபடி திறந்தபோது ஜன்னல் கண்ணாடிகளில் கடதாசி ஒட்டியிருந்தது, முற்றத்து மூலையில் பதுங்குகுழி வெட்டியிருந்தது, விறாந்தை நெடுக நெருப்பணைக்க மணல் வாளிகள் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கொஞ்சப் பேர்தான் வந்தார்கள்.

திறப்பதற்கு முதல் நாள் பாக்கியம் என்ற பெண் எங்களைப் பார்க்க வந்தாள். கமலியின் தாய். கமலிக்கு நாலு வயது. வகுப்பிலேயே பெரிய வாயாடி அவள்தான். இந்தியாவிலிருந்து வந்து துறைமுகத்தில் சாமான் இறக்கும் வேலை பார்த்த குடும்பம். பாக்கியம் வெள்ளைச் சேலையில், வெறும் நெற்றியோடு நின்றாள். அதைப் பார்த்ததும் எங்களுக்கு விளங்கிவிட்டது. குண்டு விழுந்த அன்று கமலியின் தகப்பன் துறைமுகத்தில் இருந்திருக்கிறான்.

"புள்ளைக்குத் தெரியாதுங்க டீச்சர்," என்றாள். "அன்னைக்கே வெள்ளவத்தையில சொந்தக்காரவுக வீட்டுக்கு அனுப்பிட்டோம். காரியமெல்லாம் முடிஞ்ச பொறகுதான் கூட்டியாந்தேன். அப்பா கப்பல்ல பம்பாய்க்குப் போயிருக்காருன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லணும்."

"எவ்வளவு காலத்துக்கு?" என்று பெரிய டீச்சர் கேட்டார்.

"அவளுக்கு வெவரம் தெரியற வரைக்கும்."

பெரிய டீச்சர் அவள் உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு, "நாங்களாச் சொல்ல மாட்டம், அம்மா. ஆனா கப்பல் கதையை எங்கட வாயால சொல்லச் சொல்லிக் கேக்காதீங்க," என்றார். பாக்கியம் தலையாட்டிவிட்டுப் போனாள். சின்னப் பிள்ளையைச் சாவு வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவது, கேட்டால் தூரப் பயணம் என்று சொல்வது, எங்கள் சனங்கள் எல்லாரும் செய்கிறதுதான். அன்பினால்தான் செய்கிறார்கள்.

அடுத்த நாள் கமலியைக் கொண்டுவந்து விட்டபோது பாக்கியம் பச்சைச் சேலை கட்டி, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு வைத்திருந்தாள். நான் திகைத்துப் போனேன். தாய் வெள்ளை கட்டினால் பிள்ளை கேட்கும் அல்லவா? அதனால் பிள்ளைக்கு முன்னால் மட்டும் கலர்ச் சேலையும் பொட்டும். பிள்ளையை விட்டதும் ஒழுங்கை முனையில் ஒரு சிநேகிதி வீட்டில் நுழைந்து, வெள்ளைக்கு மாறிக்கொண்டு வேலைக்குப் போவாள். புறக்கோட்டையில் ஒரு கடையில் அரிசி புடைக்கிற வேலை. பின்னேரம் மறுபடி பொட்டு வைத்துக்கொண்டு பிள்ளையைக் கூட்ட வருவாள். வழியில் அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனதை நான் ஒருநாள் என் கண்ணாலேயே கண்டேன். ஒழுங்கைப் பெண்கள் விடுவார்களா? "புருஷன் போயி ஈரம் காயல, அதுக்குள்ள பொட்டு கேக்குதோ," என்று காது படவே பேசினார்கள். விதவைக்குப் பொட்டில்லை என்கிற அந்த வழக்கமே எனக்குப் பிடிக்காது. ஆனால் என் விருப்பம் அங்கே யாருக்கு வேண்டும்? மகளுக்காக அவள் எல்லாப் பேச்சையும் வாங்கிக்கொண்டு போனாள்.

கமலியோ பழைய கமலி இல்லை. ஒரு சொல் பேசவில்லை. வந்ததும் நேரே கேட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சாப்பாட்டு நேரத்தில் இழுத்து வந்து இருத்தினால் வாயை இறுக மூடிக்கொள்வாள். கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சல் பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போகும். வீட்டிலும் அதே கதைதான். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. டிஸ்பென்சரியில் காட்டினார்கள், நோய் வருத்தம் ஒன்றும் இல்லை என்றார்கள்.

தகப்பன் வருவாரென்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். எங்கள் வகுப்பில் உதவிக்கு இருந்த சோமா ஒவ்வொரு நாளும், "அனே, பாவம், தாத்தா வரும் வரும் எண்டு பாக்குது," என்று மூக்கைச் சிந்துவாள். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. ஒருநாள் பெரிய டீச்சரின் சொல்படி கமலிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அவள் பார்க்கிற பக்கத்தைப் பார்த்தேன். அவள் துறைமுகப் பக்கம் பார்க்கவே இல்லை. வலது பக்கம், தாய் வருகிற ஒழுங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் பாக்கியம் வந்ததும் ஓடிப்போய் முந்தானையைப் பிடித்தாள். தாயோடு யாராவது நின்று கதைக்கத் தொடங்கினால் போதும், அவளை இழு இழு என்று இழுத்துக்கொண்டு போனாள். ஏனென்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

மற்றப் பிள்ளைகள் அந்த நாட்களில் ஒரே ஒரு விளையாட்டுத்தான் விளையாடினார்கள். செத்தவீடு. மரக்கட்டை ஒன்றை மூக்குத் துடைக்கிற லேஞ்சியில் சுற்றினால் அதுதான் பிரேதம். நிஸாம் என்றொரு முஸ்லிம் பையன்தான் எல்லாவற்றுக்கும் தலைவன். "கீழ வைக்கப்படாது! தோளுக்குத் தோள் மாத்தணும்!" என்று அதிகாரம் பண்ணுவான். பிலோமினா கத்தோலிக்கப் பிள்ளை. தகரக் குவளையில் கரண்டியால் தட்டி, "மணி அடிக்காமச் சாமியார் வரமாட்டார்," என்று ஊர்வலத்தையே நிறுத்திவைப்பாள். இன்னொரு பிள்ளை முன்னால் போய் மணலைப் பொரி மாதிரி எறியும். நெருப்பணைக்க வைத்த வாளி மணலைத்தான் எடுத்தார்கள், அதற்கு வேறு நாங்கள் பேச்சு வாங்கினோம். புதைப்பதா எரிப்பதா என்று தினமும் சண்டை வரும். முதலில் எரித்துவிட்டுப் பிறகு புதைப்பது என்று தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். தெருவில் கண்ட எல்லாச் சமயத்தையும் ஒரு மரக்கட்டைக்குச் செய்து முடித்து, கையைத் தட்டிவிட்டு, பசிக்கிறது என்று வந்து நிற்பார்கள். அவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாகத் தூங்கினார்கள். பயந்துபோய் இருந்தது வளர்ந்தவர்கள்தான்.

"டீச்சர், இது சரியில்லை, கூடாத விளையாட்டு," என்று சோமா விளக்குமாற்றோடு கலைக்க வருவாள். தாய்தகப்பன்மாரும் முறைப்பாடு செய்தார்கள். பெரிய டீச்சர் விடவில்லை. "நாங்க அவங்களுக்கு ஒண்டும் விளங்கப்படுத்தேல்ல. அவங்களே விளங்கிக்கொள்ளுறாங்க, விடுங்க," என்றார்.

இதற்கிடையில் பாக்கியத்தின் அண்ணன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து சொல்லி அனுப்பினான். பிள்ளை இப்படியே கிடந்தால் செத்துப்போகும். தான் வந்து கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வளர்ப்பதாகச் சொன்னான். பாக்கியம் வேலையை விட்டுப் போக முடியாது. போனால் பிள்ளை மட்டும்தான் போக வேண்டும். "புருஷனக் குடுத்துட்டேன், இப்ப இவளையும் குடுக்கணும்," என்று என்னிடம் சொல்லிவிட்டு அழுதாள். அண்ணன் வருகிற நாளுக்கு முதல் நாள்தான் நான் சொல்ல வந்த நாள்.

அன்றைக்குப் பெரிய டீச்சர் இல்லை. கல்விக் கந்தோருக்குப் போயிருந்தார். விறாந்தையில் நானும் சோமாவும் மட்டும். மணற்பெட்டியில் வழக்கம்போல் செத்தவீடு நடக்கிறது. பின்னேரம் ஆகிவிட்டது, தாய்மார் வரத் தொடங்கும் நேரம். நான் சின்னக் கதிரையில் இருந்து ஒரு பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

கமலி கேட்டை விட்டு வந்தாள். மணற்பெட்டிக்கு அருகே வந்து நின்றாள். நிஸாம் அவளைப் பார்த்தான். என்ன ஏது என்று கேட்கவில்லை. இடம் விட்டு நகர்ந்தான். அவள் குந்தி, ஒரு கை மணலை எடுத்து அந்த மரக்கட்டையின் மேல் மெதுவாகப் போட்டாள். பிறகு பேசினாள். இத்தனை நாளாகக் கேட்காத குரல்.

"எங்கப்பா செத்துப் போயிட்டாரு."

என் விரலில் ஊசி ஏறிவிட்டது. சோமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றான் நிஸாம்.

"எனக்கும் தெரியும்," என்றாள் பிலோமினா. "நாங்க மணி அடிச்சம்."

சோமா எழுந்து ஓடப் பார்த்தாள். எனக்கும் கால் எழும்பத் துடித்தது. போய்ப் பிள்ளையைத் தூக்கு, கட்டையைப் பிடுங்கி எறி, "அப்படியில்லையம்மா" என்று ஏதாவது சொல் என்று உடம்பு முழுக்கச் சொல்கிறது. ஏனோ தெரியாது, நான் சோமாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த மூன்று முகங்களில் ஒன்றிலும் பயம் இல்லை. அதைப் பார்த்துத்தான் நிறுத்தினேன் என்று நினைக்கிறேன்.

கமலி குரலைத் தாழ்த்தினாள். "எங்கம்மாகிட்ட யாரும் சொல்லிடாதீங்க. அம்மாவுக்குத் தெரியாது."

"ஏன் தெரியாது?" என்று பிலோமினா கேட்டாள்.

"இன்னும் பொட்டு வச்சிருக்காங்கல்ல. அப்பா கப்பல்ல போயிருக்காருன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. தெரிஞ்சா அழுவாங்க."

நிஸாம் யோசித்தான். "நாங்க சொல்ல மாட்டோம்," என்றான். மற்றவர்களைப் பார்த்து, "ஒருத்தரும் சொல்லப்படாது, சரியா?" என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

பிள்ளைகளே, நான் அந்தக் கதிரையில் விறைத்துப்போய் இருந்தேன். வெள்ளவத்தை வீட்டில் பெண்கள் அடுப்படியில் அழுது கதைத்ததை அவள் கேட்டிருக்கிறாள், பிறகு அவளே தாயிடம் சொன்னாள். அன்றிலிருந்து தெரியும். வீடு வந்து பார்த்தால் தாய் பொட்டோடு நிற்கிறாள், அப்பா பம்பாய்க்குப் போயிருக்கிறார் என்கிறாள். அப்படியானால் அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை என்று இந்தச் சின்னத் தலை கணக்குப் போட்டிருக்கிறது. வாயைத் திறந்தால் சொல்லிவிடுவோம் என்றுதான் பேசாமல் இருந்திருக்கிறாள். தெருவில் யாராவது தாயிடம் சொல்லிவிடுவார்களோ என்றுதான் கேட்டில் நின்று காவல் காத்திருக்கிறாள். யாராவது கதைத்தால் இழுத்துக்கொண்டு போனதும் அதற்குத்தான். தாய் பிள்ளைக்காகச் செய்ததையே பிள்ளை தாய்க்காகச் செய்திருக்கிறது. நாலு வயது! சாப்பாடு எப்படி இறங்கும்?

கேட் சத்தம் கேட்டது. பாக்கியம் பொட்டோடு உள்ளே வருகிறாள். கமலி கட்டையின் மேல் அவசர அவசரமாக மணலைத் தள்ளி மூடினாள். நிஸாமும் சேர்ந்து மூடினான். நாளைக்கு மாமன் வந்துவிடுவான். பெரிய டீச்சர் இல்லை, கேட்க ஆளில்லை. நான் நேரே போய்ப் பாக்கியத்திடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இவ்வளவு நாள் காத்ததை அவள் கண்ணுக்கு முன்னாலேயே நான் உடைத்தவள் ஆவேன். சொல்லாமல் விட்டால் நாளைக்கு ரயில். யோசிக்க நேரமில்லை. நான் போய்க் கமலிக்கு முன்னால் மணலில் குந்தி, தாய்க்குக் கேட்காத குரலில் பேசினேன்.

"கமலி, நான் கேட்டுட்டன். நீயே அம்மாட்டச் சொல்லுறியா? நான் பக்கத்தில இருக்கிறன்."

அவள் மாட்டேன் என்று தலையை வேகமாக ஆட்டினாள். "அம்மா அழுவாங்க."

"ஓம், அழுவா. அழட்டும். நாங்க ரெண்டு பேரும் பிடிச்சுக்கொள்ளுவம்."

என்னை நெடுநேரம் பார்த்தாள். இவளை நம்பலாமா என்று எடைபோடுகிற பார்வை. பெரிய அதிகாரிகள் எத்தனையோ பேர் என்னை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார்கள், ஒருவருக்கு முன்னாலும் நான் அப்படி நடுங்கியதில்லை. பிறகு எழுந்து போய்த் தாயின் கையைப் பிடித்து விறாந்தைக்குக் கூட்டி வந்து, என் சின்னக் கதிரையைக் காட்டி, "ஒக்காரும்மா," என்றாள்.

மகள் பேசிவிட்டாள் என்ற அதிர்ச்சியிலேயே பாக்கியம் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, அப்பா பம்பாய்க்குப் போகல. செத்துப் போயிட்டாரு. குண்டு விழுந்துச்சில்ல, அப்ப." தாயின் முழங்காலைத் தடவிக் கொடுத்தாள். "அழுதா அழும்மா. டீச்சர் இருக்காங்க."

பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையை மட்டும் அசைத்தேன். அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையை நான் சொல்லப் போவதில்லை. இத்தனை நாளும் மகளுக்கு முன்னால் அழ முடியாமல் அடக்கியது எல்லாம் வந்தது. நானும் அழுதேன், சோமாவும் அழுதாள். கமலி அழவில்லை. தாயின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு பாக்கியம் நிமிர்ந்து, "ஒனக்கு எப்படிடி தெரியும்? ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள். "நீ அழுவியே," என்றாள் கமலி. அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கும் அழுகை வந்தது.

அழுது ஓய்ந்ததும், காலையில் கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலைச் சோமா கொண்டுவந்து பிரித்து வைத்தாள். சோறு ஆறிக் காய்ந்து போயிருந்தது. தாய் ஒரு வாய் ஊட்டினாள். கமலி வாயைத் திறந்தாள். அரைவாசிக்கு மேல் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டாள். நான் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

பின்னாளில் பெரிய டீச்சரிடம் நான் செய்தது சரியா என்று கேட்டேன். "பிள்ளை சொன்னதைப் பிள்ளையிட்டயே விட்டீங்க. அது போதும்," என்றார். உங்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அவ்வளவுதான். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, உங்களுக்குத் தெரியாது என்று அது நினைத்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்த நாள் காலை பாக்கியம் வெள்ளைச் சேலையோடு மகளைக் கூட்டி வந்தாள். ஒழுங்கை நெடுகக் கமலி கதைத்துக்கொண்டே வந்ததாகப் பின்னர் சொன்னாள். பத்து மணியளவில் மாமன் வந்து சேர்ந்தான். மருதானைக்குப் போய் ரயில் ஏற வேண்டும் என்ற அவசரத்தோடு. நல்ல மனுஷன், கையில் இனிப்புப் பொட்டலம். என்ன நடந்தது, பிள்ளையை இனி ஏன் அனுப்பத் தேவையில்லை என்று அவனுக்கு எப்படிச் சொல்வது எனப் பெரிய டீச்சரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குள் மணற்பெட்டியிலிருந்து கமலி ஓடி வந்தாள். அவன் குனிந்து அவளைத் தூக்கினான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முற்றம் முழுக்கக் கேட்கும்படி, சந்தோஷமாகச் சொன்னாள்:

"மாமா, அப்பா செத்துப் போயிட்டாரு. அம்மாவுக்குத் தெரியும்!"